உளஆதரவு விலங்குகளும் வைத்தியரின் கடிதமும்: அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்தோ நியூ ஜேர்சியிலிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, முந்தி நான் கிளினிக்குக்குப் போன கொப்பி இன்னும் இருக்குதோ? இஞ்ச பிளாட்டில நாய் வச்சிருக்க விடமாட்டினமாம். டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்துக் குடுத்தால் விடுவினமாம். அங்க ஆரிட்டயாவது எடுத்து அனுப்பேலுமோ?"

இந்தச் சிறிய கேள்விக்குள் பல விடயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு நாய் எப்படி மருத்துவ விடயமாகின்றது? எந்த நாட்டில் எந்தக் கடிதம் செல்லும்? அந்தக் கடிதத்தைப் பெறுவதற்கு ஒருவர் தன் கதை முழுவதையும் வீட்டு உரிமையாளரிடம் சொல்ல வேண்டுமா?

கடைசிக் கேள்விதான் எம்மவர்களுக்கு அதிகம் பாரமானது. இடம்பெயர்ந்தோர் பதிவு, முகாம் பதிவு, மரணச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான ஆணைக்குழுக்கள், புகலிடக் கோரிக்கை நேர்காணல் என்று ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் இருந்து முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே களைத்த மக்கள் நாம். இன்னொரு படிவம் என்றதும் பலர் பின்வாங்கிவிடுகின்றார்கள். வேறு சிலர், எதற்கும் கேள்வி கேட்காமல் இணையத்தில் விற்கப்படும் ஒரு சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கி ஏமாறுகின்றார்கள். இரண்டும் தேவையற்றவை. எந்த இடத்தில் எந்த ஆவணம் தேவை, அதில் என்ன எழுதப்பட வேண்டும், என்ன எழுதப்படத் தேவையில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

மூன்று வகை விலங்குகள்

பேச்சு வழக்கில் ஒன்றாகக் கலந்துவிடும் மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டங்கள் இவற்றை வெவ்வேறாகவே நடத்துகின்றன.

முதலாவது, சேவை விலங்கு. மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்வதற்காகப் பயிற்றப்பட்டது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். உளநோய்க்கும் இவ்வகை நாய்கள் உண்டு. கொடுங்கனவில் அலறுபவரை எழுப்பிவிடுவது, பதகளிப்பு வரும்போது மடியில் தலைவைத்து அழுத்திப் படுப்பது, கூட்டத்திலிருந்து வெளியே அழைத்துச் செல்வது போன்றவை அவற்றுக்குக் கற்பிக்கப்படும் வேலைகள்.

இரண்டாவது, சிகிச்சை விலங்கு. வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள், பாடசாலைகளுக்கு அதன் உரிமையாளரோ பயிற்றுநரோ அழைத்துச் செல்லும் பிராணி. இது பலருக்கும் ஆறுதல் தருவது. தனியொரு நோயாளிக்கு உரியதன்று.

மூன்றாவது, உளஆதரவு விலங்கு. ஆங்கிலத்தில் 'இமோஷனல் சப்போட் அனிமல்' என்று சொல்லப்படுவது இதுதான். இதற்கு விசேட பயிற்சி எதுவும் தேவையில்லை. அது அருகில் இருப்பதே அதன் உதவி. நாயாகவோ பூனையாகவோ கிளியாகவோ முயலாகவோ இருக்கலாம். சாதாரண வளர்ப்புப் பிராணிக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. உரிமையாளருக்கு இயலாமையை ஏற்படுத்தும் ஓர் உளநல நிலை உள்ளது, அந்த நிலைக்கு இப்பிராணி உதவுகின்றது என்று தகுதிவாய்ந்த ஒருவர் எழுதிக் கொடுப்பதே வித்தியாசம். அதனால்தான் இந்த விடயத்தில் கடிதம் இவ்வளவு முக்கியம் பெறுகின்றது.

இந்த எண்ணம் வந்த வழி

பிராணிகளால் மனம் ஆறும் என்பது எமக்குப் புதிய செய்தியல்ல. அதை உளச்சிகிச்சைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராக அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் குறிப்பிடப்படுகின்றார். யாருடனும் பேசாத ஒரு சிறுவன், தன் நாயான ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது நெருங்கிவந்ததைக் கவனித்த அவர், நாயை உடன் சிகிச்சையாளராகக் கருதி 1962 இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடையே நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் பரவலாகக் காணப்பட்டபோது, நாய்கள் பற்றிய ஆய்வுகளும் பெருகின.

உளஆதரவு விலங்கு என்பது ஒரு சட்டச் சொல்லாக வளர்ந்தது முக்கியமாக அமெரிக்காவில்தான். வாடகை வீடுகளில் 'பிராணிகளுக்கு அனுமதியில்லை' என்ற நிபந்தனை அங்கு பொதுவானது. அந்த நிபந்தனைக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு விதிவிலக்கைக் கேட்கும் வழியாகவே இக்கடிதம் உருவானது. ஆகவே இது எங்கும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்ல. ஒரு நாட்டின் ஒரு சட்டத்தின் கீழ், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக எழுதப்படும் கடிதம்.

அமெரிக்காவில்: வீட்டுக்கு ஆம், விமானத்துக்கு இல்லை

அமெரிக்காவில் மூன்று இடங்களுக்கு மூன்று சட்டங்கள் உள்ளன.

வீடு: 1968 ஆம் ஆண்டின் நியாயமான வீடமைப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டனர். இதன் கீழ் உளஆதரவு விலங்கை வைத்திருக்க அனுமதிக்குமாறு வாடகையாளர் 'நியாயமான இசைவாக்கம்' கோரலாம். அனுமதிக்கப்பட்டால் பிராணிக்கான மேலதிகக் கட்டணமோ வைப்புப் பணமோ அறவிடக்கூடாது என்பதே பொதுவான நடைமுறை. ஆனால் பிராணி சேதம் விளைவித்தால் அதற்கு வாடகையாளரே பொறுப்பு. பிராணி மற்றவர்களுக்கு நேரடி ஆபத்தாக இருந்தால் உரிமையாளர் மறுக்கலாம். உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத சிறிய கட்டடங்களுக்கு இச்சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. எம்மவர் பலர் இத்தகைய வீடுகளில் மேல்மாடியையோ நிலக்கீழ் அறையையோ வாடகைக்கு எடுத்திருப்பதால் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. இச்சட்டத்தை விளக்கும் அரச வழிகாட்டல்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதை ஓர் இலவச சட்ட உதவி நிலையத்தில் கேட்டறிவது பாதுகாப்பானது.

கடை, உணவகம்: இவற்றுக்கு 1990 ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும். 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளின்படி சேவை விலங்கு என்பது பயிற்றப்பட்ட நாய் மட்டுமே. சிறு குதிரைக்குத் தனி ஏற்பாடு உண்டு. உளஆதரவு விலங்கை இச்சட்டம் ஏற்பதில்லை. சேவை நாயுடன் வருபவரிடம் ஊழியர் இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம்: இயலாமை காரணமாக இந்த நாய் தேவைப்படுகின்றதா? அது என்ன வேலைக்குப் பயிற்றப்பட்டுள்ளது? நோயின் பெயரையோ சான்றிதழையோ கேட்க முடியாது.

விமானம்: ஒரு காலத்தில் கடிதத்தைக் காட்டினால் உளஆதரவு விலங்கை விமானத்தில் கட்டணமின்றி கொண்டுசெல்லலாம் என்றிருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2020 டிசம்பரில் வெளியிட்ட விதி, 2021 ஜனவரி 11 முதல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இப்போது விமான நிறுவனங்கள் அவற்றைச் சாதாரண வளர்ப்புப் பிராணியாகவே நடத்தலாம். உளநோய்க்காகப் பயிற்றப்பட்ட சேவை நாய்களுக்கு மாத்திரம் பழைய உரிமை தொடர்கின்றது. ஆகவே 'விமானத்தில் கொண்டுபோகலாம்' என்று சொல்லி இன்று ஒருவர் உளஆதரவுக் கடிதம் விற்றால், அவர் பழைய சட்டத்தை விற்கின்றார்.

கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா

எம்மவர்கள் அதிகம் வாழும் ஏனைய நாடுகளில் நிலைமை வேறு.

கனடாவில் இது மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடும். ஒன்ராறியோவில் 2006 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படும் 'பிராணிகள் கூடாது' என்ற நிபந்தனையைச் செல்லுபடியற்றதாக்குகின்றது. அதாவது குடியேறிய பின் ஒரு பூனை வளர்ப்பதற்குப் பெரும்பாலும் கடிதமே தேவையில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பு, பிராணி வைத்திருப்பவருக்கு வீடு தர உரிமையாளர் மறுக்க இச்சட்டம் தடையாக இல்லை. மற்றையது, கொண்டோ கட்டடங்களுக்கு அவற்றின் சொந்த விதிகள் உண்டு. அவ்வாறான நிலைகளில் மாகாண மனித உரிமைக் கோவையின் கீழ், உளநல இயலாமையைக் காரணம் காட்டி இசைவாக்கம் கேட்கலாம். அப்போது வைத்தியரின் கடிதம் உதவும்.

கடைகள், அலுவலகங்கள் போன்றவற்றுக்குள் சேவை விலங்கை அழைத்துச் செல்வதற்கு, ஒன்ராறியோவின் அணுகல் ஒழுங்குவிதிகள் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்வல்லுநர் ஒருவரின் கடிதத்தைக் கேட்கின்றன. வைத்தியர், தாதி, உளவியலாளர், உளச்சிகிச்சையாளர், தொழிற்சிகிச்சையாளர் ஆகியோர் இதில் அடங்குவர். அவர்கள் ஒன்ராறியோவின் தொழில்சார் கழகங்களில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். கனடாவின் விமானப் பயண விதிகளில் சேவை நாய் என்பது தனிப்பட்ட முறையில் பயிற்றப்பட்ட நாய் ஆகும்.

பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பயிற்றப்பட்ட உதவி நாய்களுடன் வருபவர்களைப் பாதுகாக்கின்றது. உளஆதரவு விலங்குக்கு அங்கு தனிச் சட்ட அந்தஸ்து இல்லை. ஆனால் இங்கிலாந்துக்கான 2025 ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைகள் சட்டம், பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் வாடகையாளரின் கோரிக்கையை உரிமையாளர் நியாயமின்றி மறுக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்கின்றது. இதற்கு நோய்க் கடிதம் எதுவும் தேவையில்லை. எழுத்தில் கேட்டால் போதும்.

அவுஸ்திரேலியாவில் 1992 ஆம் ஆண்டின் இயலாமைப் பாகுபாட்டுச் சட்டம் 'உதவி விலங்கு' என்ற சொல்லையே பயன்படுத்துகின்றது. இயலாமையின் விளைவைக் குறைக்கவும், பொது இடத்துக்குரிய சுத்தத்தையும் நடத்தையையும் பேணவும் பயிற்றப்பட்டிருப்பது அதில் முக்கியம். பயிற்சியில்லாத ஒரு பிராணிக்குக் கடிதம் மட்டும் அந்த உரிமையைத் தராது.

உண்மையான கடிதத்தில் என்ன இருக்கும்?

ஓர் உளஆதரவுக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதில் இருக்க வேண்டியவை இவை:

ஒன்று, எழுதுபவரின் பெயர், தகுதி, பதிவு இலக்கம், எங்கு பதிவு பெற்றவர், தொடர்பு விபரம், திகதி, கையொப்பம்.

இரண்டு, விண்ணப்பிப்பவர் தன் பராமரிப்பில் உள்ளவர் என்ற கூற்று.

மூன்று, அவருக்கு வாழ்வின் முக்கிய செயற்பாடு ஒன்றையாவது கணிசமாக மட்டுப்படுத்தும் ஒரு நிலை உள்ளது என்ற கூற்று. தூக்கம், கவனம், வெளியே செல்லல், மற்றவர்களுடன் பழகல் போன்றவை முக்கிய செயற்பாடுகளே.

நான்கு, இப்பிராணி அந்த நிலைக்கு எவ்வாறு உதவுகின்றது என்ற ஓரிரு வரிகள்.

அதில் இருக்கத் தேவையில்லாதவை எவை என்பது இதைவிட முக்கியம். உங்கள் உறவினர் எப்படி இறந்தார் என்பது தேவையில்லை. தடுப்பில் என்ன நடந்தது என்பது தேவையில்லை. நீங்கள் எந்த ஊர், எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள் என்பவை தேவையில்லை. அமெரிக்க வீடமைப்பு நடைமுறையில் நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவப் பதிவுகளைக் கையளிக்க வேண்டியதும் இல்லை. 'இயலாமை ஒன்று உள்ளது, அதற்கு இது தேவை' என்பதை நம்பகமான ஒருவர் உறுதிப்படுத்தினால் போதும்.

இங்கே எம்மவர்கள் அடிக்கடி ஒரு குழப்பத்துக்கு உள்ளாகின்றார்கள். புகலிடக் கோரிக்கைக்காக எழுதப்படும் மருத்துவ-சட்ட அறிக்கை வேறு, இது வேறு. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு 'இஸ்தான்புல் நெறிமுறை' என்ற ஐக்கிய நாடுகளின் கையேடு உள்ளது. 1999 இல் உருவாக்கப்பட்டு 2022 இல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி எழுதப்படும் அறிக்கையில் நடந்தவை, காயங்கள், தழும்புகள், உளநிலை யாவும் விரிவாக வரும். அது சட்டத்தரணிக்கும் தீர்ப்பாயத்துக்கும் உரியது. அந்த அறிக்கையை வீட்டு உரிமையாளரிடமோ கட்டட முகாமையாளரிடமோ கொடுக்காதீர்கள். சிலர் 'கையில் இருக்கும் பெரிய ஆவணத்தைக் கொடுத்தால் நம்புவார்கள்' என்று நினைத்துக் கொடுத்துவிடுகின்றனர். ஒருமுறை கைமாறினால் அது யார் கண்ணில் படும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அதே வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ நான்கு வரிகள் கொண்ட தனிக் கடிதம் கேளுங்கள்.

விற்பனைக்கு இருக்கும் சான்றிதழ்கள்

இணையத்தில் தேடினால் அடையாள அட்டை, பதிவு இலக்கம், நாய்க்கு அணிவிக்கும் மேலங்கி என்று பல பொருட்கள் விற்பனைக்கு வரும். 'தேசியப் பதிவேட்டில் சேர்க்கின்றோம்' என்று சில தளங்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் உளஆதரவு விலங்குக்கோ சேவை விலங்குக்கோ அவ்வாறான அரச தேசியப் பதிவேடு எதுவும் இல்லை. வாங்கும் இலக்கத்துக்குச் சட்டப் பெறுமதி இல்லை.

போலிகள் பெருகியதால் மாநிலங்கள் சட்டங்களை இறுக்கியுள்ளன. கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல், உளஆதரவு நாய்க்குக் கடிதம் எழுதும் வல்லுநர் அங்கு செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உடையவராக இருக்க வேண்டும். நோயாளியுடன் குறைந்தது 30 நாட்கள் தொடர்பு இருந்திருக்க வேண்டும். மருத்துவ ரீதியாக மதிப்பீடு செய்திருக்கவும் வேண்டும். புளோரிடாவில் 2020 முதல் பொய்யான உளஆதரவு ஆவணம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். குடிவரவு அந்தஸ்து இன்னும் உறுதியாகாத ஒருவருக்கு இப்படியொரு வழக்கு எவ்வளவு சிக்கலைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்து நிமிடக் கேள்விக்கொத்தை நிரப்பியதும் கடிதம் தருவோம், பணம் செலுத்தினால் 'நிச்சயம் அனுமதி' என்று எவர் சொன்னாலும் விலகிக்கொள்ளுங்கள். இணையவழியில் வைத்தியரைச் சந்திப்பது தவறல்ல. அவர் பதிவு பெற்றவரா, உண்மையில் உங்களுடன் பேசி மதிப்பீடு செய்தாரா, தொடர்ந்து பராமரிக்கின்றாரா என்பவையே முக்கியம்.

இலங்கையில் நிலை என்ன?

இலங்கையில் உளஆதரவு விலங்கு என்று ஒரு சட்ட வகை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உடல், உள இயலாமைகள் இரண்டையும் தழுவுகின்றது. ஆனால் உதவி விலங்குகள் பற்றிய ஏற்பாடு அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே இங்கு வாடகை வீட்டில் நாய் வளர்ப்பது உரிமையாளருடனான உடன்பாட்டைப் பொறுத்தது.

அப்படியானால் தொலைபேசியில் கேட்ட தம்பிக்கு அக்கா என்ன பதில் சொல்வது?

இங்கிருந்து புதிதாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் அது பெரும்பாலும் பயன்படாது. நாம் மேலே பார்த்ததுபோல் கலிபோர்னியா, ஒன்ராறியோ போன்ற இடங்கள் தமது எல்லைக்குள் பதிவு பெற்றவரின் கடிதத்தையே கேட்கின்றன. பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒருவரின் இன்றைய நிலைபற்றி இங்குள்ள வைத்தியர் சான்று கொடுப்பதும் முறையல்ல. ஆனால் பழைய கிளினிக் கொப்பி மிகப் பெறுமதியானது. அது நேரடியாக வீட்டு உரிமையாளருக்கு அல்ல, அங்குள்ள வைத்தியருக்கு. முன்னர் என்ன நோய்நிர்ணயம் செய்யப்பட்டது, என்ன மருந்து எடுத்தார், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் அதிலிருந்து அறிந்தால், நோயாளி மீண்டும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய தேவை குறையும்.

எனவே இங்கிருப்பவர்கள் செய்யக்கூடியவை: கிளினிக் கொப்பி, விடுகையின்போது தரப்படும் நோய்நிர்ணய அட்டை, மருந்துச் சிட்டைகள் ஆகியவற்றை எறிந்துவிடாது வைத்திருங்கள். தெளிவாகப் படம் எடுத்து இன்னொரு பிரதியும் வைத்திருங்கள். 1995 இலும் 2009 இலும் வீட்டோடு ஆவணங்களையும் இழந்த எமக்கு இதன் அவசியத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொப்பி தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் நிர்வாகத்திடம் நோயாளி எழுத்துமூலம் மருத்துவ அறிக்கை கோரலாம். நோயாளி வெளிநாட்டில் இருந்தால், அவர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்துடன் உறவினர் கேட்கலாம். இந்த ஆவணங்களை வட்ஸ்அப் குழுக்களிலோ ஊரவர் ஒருவரிடமோ கொடுத்து அனுப்பாமல், உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

'கிளினிக்கில் பதிந்தால் பிள்ளைக்குக் கலியாணம் பேசேலாது, வேலை கிடைக்காது' என்ற பயம் இன்னும் எம்மிடம் இருக்கின்றது. நோயாளியின் விபரங்களை இரகசியமாகப் பேண வேண்டியது வைத்தியரின் கடமை. எழுத்தில் என்ன வரப்போகின்றது, யாருக்குக் கொடுக்கப்படும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

பிராணி உண்மையில் உதவுமா?

யாழ். மாவட்டத்தில் 2009 இல் நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வில், பங்குபற்றியவர்களுள் 7 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும், 32.6 சதவீதமானோரிடம் பதகளிப்பும், 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. இத்தனை பேருக்கும் நாயோ பூனையோ மருந்தாகிவிடாது. ஆனால் அது வீண் பேச்சும் அல்ல.

அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம், மனவடு நோயுள்ளவர்களில் ஒரு தரப்பினருக்குப் பயிற்றப்பட்ட சேவை நாயும் மற்றத் தரப்பினருக்கு உளஆதரவு நாயும் கொடுத்து ஒப்பிட்டது. அன்றாட இயலாமையிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு தரப்பினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நோய் அறிகுறிகள் சேவை நாய் பெற்றவர்களிடம் சற்று அதிகமாகக் குறைந்தன. 2021 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மனவடு நோயுள்ள முன்னாள் படையினர் நாய்களைப் பயிற்றும் செயற்பாட்டை ஒரு சிகிச்சைத் துணையாகப் பரீட்சித்துப் பார்க்க வழிசெய்தது. இவை போருக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள். போரின் நடுவே வாழ்ந்த பொதுமக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

இதற்கு எமது அனுபவமே சான்று. ஊர்களில் இரவில் நாய் குரைப்பது என்பது யாரோ வருகின்றார்கள் என்பதன் அறிகுறியாக இருந்தது. ஒழுங்கையில் ஒரு நாய் தொடங்கி, அடுத்த வீட்டு நாய் தொடர, விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்த இரவுகள் பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு இன்றும் நாயின் குரைப்பு ஆறுதலாக அன்றி, நெஞ்சு பதறும் ஒலியாகவே இருக்கலாம். 'நாய் வளர்த்தால் சுகம் வரும்' என்று அவரை வற்புறுத்தக் கூடாது. அவருக்குப் பூனையோ மீன்தொட்டியோ பொருந்தலாம். ஒன்றுமே பொருந்தாமலும் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. ஓடும்போது கட்டையிலிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு, பின்னால் ஓடிவந்த நாயைத் திரும்பிப் பாராமல் வந்தவர்கள் எம்மில் பலர். மனிதர்களை இழந்த இடத்தில் ஒரு நாய்க்காக அழுவதா என்று அந்தத் துக்கத்தை யாரும் சொல்லவில்லை. சிலருக்கு இன்று ஒரு பிராணியைத் தொடும்போதுதான் அது வெளியே வருகின்றது. உளவளத்துணையாளரிடம் அதைச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

உதவுபவர்களுக்கு அது எப்படி உதவுகின்றது? காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கின்றது. நேரத்துக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், வெளியே கூட்டிச் செல்ல வேண்டும், அதனால் நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகின்றது. பேசாமல் இருந்தாலும் அருகில் ஓர் உயிர் இருக்கின்றது. அது எதையும் கேட்பதில்லை.

வளர்ப்பதற்கு முன்

மனச்சோர்வு கடுமையாக உள்ளவருக்குப் பிராணியைப் பராமரிப்பதே சுமையாகலாம். வீட்டில் இன்னொருவர் பொறுப்பேற்கத் தயாரா, உணவுக்கும் மருந்துக்கும் வசதி உண்டா, அந்தப் பிராணி இறந்தால் அந்த இழப்பைத் தாங்கும் நிலையில் இருக்கின்றாரா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இலங்கையில் நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவதைத் தவறவிடக் கூடாது. நாய்களை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவதும் சட்டத் தேவை. வீட்டு நாயோ குட்டியோ கடித்தாலும் கீறினாலும் உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிராணி ஒரு துணை. சிகிச்சைக்குப் பதில் அல்ல. தூக்கமின்மை, கொடுங்கனவு, காரணமின்றி வரும் பதற்றம், வாழ விருப்பமின்மை என்பன தொடர்ந்தால் மாவட்டத்தின் பிரதான அரச வைத்தியசாலையில் உள்ள உளநலப் பிரிவை நாடுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலும் அழைக்கலாம்.

மேசைக்கு முன்னால் இருக்கும்போது

கடிதம் கேட்டுப் போகும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டியது இதுதான். வைத்தியரிடம் சொல்வது ஆறுவதற்காக. எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். வீட்டு உரிமையாளருக்கோ அலுவலகத்துக்கோ தெரிய வேண்டியது உங்கள் தேவை மட்டுமே, உங்கள் காயம் அல்ல. அதற்கு மேல் யாராவது கேட்டால், "கடிதத்தில் எழுதப்பட்டுள்ளது போதுமானது" என்று மரியாதையாகச் சொல்லலாம். அவர்கள் விடாமல் கேட்டால் அவ்விடத்துச் சட்ட உதவி நிலையத்தை நாடலாம்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்கு அக்கா சொல்லக்கூடிய பதிலும் அதுவே. "கொப்பி இருக்குது, படம் எடுத்து அனுப்புறன். உன்ர டொக்டருக்கு மட்டும் காட்டு. கடிதத்தை அவரிட்டயே கேள். வீட்டுக்காரருக்கு நாலு வரி காணும்."